ஏழரைக் கிலோ சில்லறை!

பாரிமுனையில் எதையும் விற்றுவிடலாம். ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை, பந்தர் தெருவில் பேனாவும் ஃபைலும், ஈவ்னிங் பஜாரில் எவர்சில்வர் டப்பா, பர்மா பஜாரில் நேற்று வந்து நாளைக்கு ரிப்பேராகப் போகும் ஹெட்ஃபோன். விற்கத் தெரிந்தவனுக்கு இங்கே பட்டினி கிடையாது. 1788-ல் மதராஸுக்கு வந்திறங்கிய தாமஸ் பாரி துரைக்கே அந்த ராசி வேலை செய்து, முனைக்கே அவர் பெயர் நின்றுவிட்டது.

ஆனால் இந்த ஏரியாவில் ஒரே ஒரு சரக்கை மட்டும் முழு விலைக்குத் தள்ளுவது கஷ்டம். அது பணம். அதாவது சில்லறை!

நான் பி.காம். படித்தவன். 'பணத்தின் விலை பணமே' என்று காலேஜில் நம்பினேன். நூறு ரூபாய்க்கு நூறு ரூபாய்தானே? தங்கசாலைக்குப் பக்கத்துச் சந்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்காவோடு ஒரு புதன்கிழமை காலை நடந்தபோதுதான், நூறு ரூபாய் சில இடங்களில் தொண்ணூறு ரூபாய் என்று தெரிந்தது.

அக்காவின் பிரச்னை இதுதான். பையன் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். வெள்ளிக்கிழமைக்குள் அக்கவுன்ட்டில் 4,500 ரூபாய் இருக்க வேண்டும். ஃபீஸ் ஆன்லைனில்தான் கட்ட வேண்டும். கையில் நோட்டாக இருந்ததெல்லாம் மாவு மில்லுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரு பழைய பால் பவுடர் டின்னும், அதற்குத் துணையாக ஒரு தூக்குவாளியும். இரண்டிலும் கழுத்து வரை காசு.

"ஜிபே வந்தப்புறம் சில்லறை குறைஞ்சிருக்கணுமே அக்கா?" என்றேன்.

"நோட்டு வச்சிருக்கிறவன்லாம் போன்ல கட்டிட்டுப் போயிர்றான் தம்பி. சில்லறை வச்சிருக்கிறவன்தான் கைல குடுக்குறான். ஆனா என்கிட்ட இருந்து அதை வாங்க ஒருத்தன் இல்ல. மில்லுக்காரர் பத்து ரூபா காயினைப் பார்த்தாலே மூஞ்சைத் திருப்பிக்கிறார்."

முதல் நாள் ராத்திரி கடை மூடிய பிறகு, சாக்கைத் தரையில் விரித்து எண்ணினோம். பத்து ரூபாய் 180. ஐந்து ரூபாய் 320. இரண்டு ரூபாய் 400. ஒரு ரூபாய் 660. ஐம்பது பைசா 14. மொத்தம் 4,867 ரூபாய். தராசில் வைத்தால் ஏழரைக் கிலோ! சனி பகவான் கணக்காகத்தான் வந்திருக்கிறார்.

நாலாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் இருக்கிறதே, ஃபீஸ் போக மிச்சமே வருமே என்று நினைப்பீர்கள். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

வட்டம் போடும் ஊர்

சில்லறைக்குக் கமிஷன் பிடிப்பது இந்த வட்டாரத்துக்குப் புதுசல்ல. கம்பெனி காலத்து மதராஸில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். வராகனை ரூபாயாக்க, ரூபாயைக் காசாக்க ஷராப்புகள் உட்கார்ந்திருப்பார்கள். மாற்றிக் கொடுப்பதற்குப் பிடித்துக்கொள்ளும் தொகைக்குத் தமிழில் 'வட்டம்' என்றே ஒரு வார்த்தை உண்டு. ஆயிரம் ரூபாயைச் சுற்றவிட்டால் அது வட்டமாகத் திரும்பி வரும்போது தொள்ளாயிரமாக இருக்கும். பொருத்தமான பெயர்தான்!

தங்கசாலை என்ற பெயரே நாணயச்சாலை இருந்ததால் வந்தது. 'மின்ட் ஸ்ட்ரீட்' என்பதும் அதேதான். அந்தச் சாலை 1869-ல் மூடப்பட்டது. காசு அடித்த வளாகத்தில் பிறகு அரசு அச்சகம் வந்து, கெஜட் அடித்தார்கள். இன்றைக்கு நம் சட்டைப் பையில் இருக்கும் காசெல்லாம் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நாலு ஊர்களில்தான் அச்சாகிறது. வருஷத்துக்குக் கீழே பாருங்கள். சின்ன டைமண்ட் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. ஆபீஸில் போரடிக்கும்போது செய்து பார்க்கலாம். மேனேஜர் கேட்டால் கேஷ் வெரிஃபிகேஷன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

காலை பத்து மணிக்கு, தோளில் ஏழரைக் கிலோவோடு நானும், இடுப்பில் சொருகிய பாஸ்புக்கோடு அக்காவும் புறப்பட்டோம். தங்கசாலையில் தள்ளுவண்டி, மீன்பாடி வண்டி, ஜிலேபி சுடும் எண்ணெய் வாசனை, நடுவே சேட்டு வீட்டுக் கல்யாணத்துக்கு பித்தளைப் பாத்திரம் ஏற்றும் டெம்போ. இந்தக் கூட்டத்தில் நடக்கும்போது பை 'ஜல்... ஜல்...' என்றது. எதிரே வந்தவர்கள் எல்லாம் என் காலைப் பார்த்தார்கள். சலங்கை கட்டியிருக்கிறேனாம்!

நூத்துக்குத் தொண்ணூறு

முதல் ஸ்டாப், என்.எஸ்.சி. போஸ் ரோடு பக்கம் ஒரு கடை வாசல். பேருக்கு வெற்றிலை பாக்கு. உண்மையான வியாபாரம், ஸ்டூலுக்கு அடியில் இருக்கும் சாக்கு மூட்டைகளில்.

"இன்னா ஸார், சில்லறையா? நூத்துக்குத் தொண்ணூறு."

"ஏம்பா, கவர்மென்ட் அடிச்ச காசு. அதுக்குப் போய்ப் பத்து பர்சென்ட்டா?"

"கவர்மென்ட் அடிக்கும் ஸார், எண்ணுமா? எண்றது நான்தானே? சரி, அக்கா மூஞ்சிக்காக தொண்ணூத்தி ரெண்டு."

மனசுக்குள் கால்குலேட்டர் போட்டேன். தொண்ணூறு என்றால் 4,380 ரூபாய். தொண்ணூற்று இரண்டு என்றாலும் 4,477. ஃபீஸுக்கு இருபத்து மூன்று ரூபாய் குறைகிறது! வாளி நிறையக் காசை வைத்துக்கொண்டு அக்கா 23 ரூபாய்க்குக் கடன் கேட்க வேண்டும்.

"இதை வாங்கி நீ என்ன பண்ணுவே?" என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னான். பாக்கெட் போட்டு, மீதி கொடுக்கச் சில்லறை இல்லாமல் தவிக்கும் பெரிய கடைகளுக்குக் கொடுப்பானாம். அங்கே நூறு ரூபாய் சில்லறைக்கு நூற்று ஐந்து வரை கிடைக்குமாம். வாங்கும்போது பத்து, விற்கும்போது ஐந்து! ஷேர் மார்க்கெட்டில் இதற்கு 'ஸ்ப்ரெட்' என்று பெயர் வைத்து, கோட்டு போட்டுக்கொண்டு செய்கிறார்கள். இவன் லுங்கியில் செய்கிறான்.

தொண்ணூறுகளில் நிலைமை தலைகீழ். அப்போது சில்லறைக்குத் தங்க மதிப்பு. பஸ் கண்டக்டர் டிக்கெட்டுக்குப் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுப்பார். மளிகைக் கடைக்காரர் ஐம்பது காசுக்கு ஹால்ஸ் மிட்டாய் கொடுப்பார். அதே மிட்டாயைத் திருப்பிக் கொடுத்துச் சாமான் கேட்டால் மட்டும் வாங்க மாட்டார். அன்றைக்குச் சில்லறை தேடியவன் கமிஷன் கொடுத்தான். இன்றைக்குச் சில்லறை வைத்திருப்பவனும் கொடுக்கிறான். நடுவில் இருப்பவன் மட்டும் அன்றும் இன்றும் வாங்குகிறான்!

"வேணாம் தம்பி, வா" என்று அக்கா நடையைக் கட்டினாள். "நானூத்துச் சொச்சம்னா எத்தினி இட்லி தெரியுமா?"

தராசு சொல்லும் பொய்

இரண்டாவது ஸ்டாப், கோவிந்தப்ப நாயக்கன் தெருப் பக்கம் ஒரு மொத்தக் கடை. கல்லாவில் இருந்த பெரியவர் தங்கமானவர். "கமிஷன்லாம் வேணாம்ப்பா. ஒரு ரூபாய்க் காசை மட்டும் குடுத்துட்டுப் போ. எண்ண நேரமில்ல, எடை போட்டுக்கறேன்" என்றார்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் எலெக்ட்ரானிக் தராசில் அவர் போட்ட கணக்கு, ஒரு காசு 3.79 கிராம் என்று. அது 2011 வரிசைக் காசு. 2019-ல் வந்த புது ஒரு ரூபாய் இளைத்துப் போய்ச் சுமார் 3.09 கிராம்தான். எங்களிடம் இருந்த 660-ல் ஏறக்குறையப் பாதி புதுசு. மொத்தமாகத் தராசில் வைத்தால் அது 599 காசு என்றுதான் சொல்லும். சிரித்த முகத்தோடு 61 ரூபாய் அவுட்!

பெரியவர் மேல் தப்பில்லை. அவருக்கு யாரோ சொன்ன எடை அது. விளக்கியதும், "அப்படியா சங்கதி! இத்தனை நாளா நான் எவ்வளவு விட்டேனோ" என்று தன் கணக்கை யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் யோசித்ததும் சரிதான். இரண்டு ரூபாய் முன்பு 4.85 கிராம், இப்போது 4.07. ஐந்து ரூபாயோ 1992-ல் ஒன்பது கிராம் குண்டனாக வந்து, பிறகு ஆறு கிராமாக மெலிந்து, 2019-ல் மறுபடி 6.74 ஆனது. எடை போட்டு மாற்றுவதானால் வரிசை வாரியாகப் பிரித்துப் போட வேண்டும். இல்லையென்றால் யாராவது ஒருத்தர் தலையில் துண்டு விழும்.

அந்தக் குண்டு ஐந்து ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை. நாணயங்களை உருக்கி ஷேவிங் பிளேடு செய்ய எல்லை தாண்டிக் கடத்துகிறார்கள் என்று 2007-ல் பத்திரிகைகளில் செய்தி வந்தது. காசை உருக்கினாலோ அழித்தாலோ 2011 நாணயச் சட்டப்படி ஏழு வருஷம் வரை உள்ளே போகலாம். பழைய இரும்புக் கடைக்கு எடுத்துப் போகும் யோசனை இருந்தால் இத்தோடு விட்டுவிடுங்கள்.

பத்து ரூபாய் பயம்

ஒரு ஐடியா தோன்றியது. நூறு நூறாகக் கட்டியது போக, பதினாலு முழுப் பாக்கெட் தவிர உதிரியாக 967 ரூபாய் இருந்தது. அதை வழியிலேயே, சில்லறை நிஜமாகத் தேவைப்படுகிறவர்களிடம் மாற்றினால் என்ன?

பீச் ஸ்டேஷன் எதிரே ஷேர் ஆட்டோ டிரைவர், ஒன்றும் ஐந்துமாக 160 ரூபாயைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். "காலைலேர்ந்து எல்லாம் ஐந்நூறு நோட்டா நீட்றாங்க ஸார்." கமிஷன் பைசா கேட்கவில்லை. தேவை இருக்கிற இடத்தில் வட்டம் கிடையாது என்பது அன்றைய முதல் பாடம்.

ஜூஸ் கடையில்தான் மாட்டிக்கொண்டோம். பத்து ரூபாய்க் காசை நீட்டியதும், "இது செல்லாது ஸார், ரூபாய் சிம்பல் இல்லை பாருங்க" என்றார் கடைக்காரர். பக்கத்தில் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தவர், "இல்லையில்லை, பதினஞ்சு கோடு இருந்தாத்தான் செல்லாது, பத்துக் கோடு செல்லும்" என்றார். ரிசர்வ் வங்கி கவர்னரே வந்து நின்றிருந்தால் குழம்பிப் போயிருப்பார்.

உண்மை என்னவென்றால், பத்து ரூபாய் நாணயம் பல டிசைன்களில் வந்திருக்கிறது. ரூபாய்க் குறியே பிறகு வந்ததுதான். முந்தைய காசில் எப்படி இருக்கும்? 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தெளிவாகவே அறிவித்தது. அதுவரை வந்த 14 டிசைன்களும் செல்லும். சந்தேகம் இருந்தால் 14440 என்ற நம்பருக்கு போன் செய்யலாம். ரிங் போய்க் கட்டாகும். பிறகு அங்கிருந்தே கால் வந்து விவரம் சொல்லும்.

கடைக்காரர் போனிலேயே அடித்துக் கொடுத்தேன். திரும்பி வந்த காலை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டவர், முகம் மாறி, "முப்பது காயின் குடுங்க" என்றார். முன்னூறு ரூபாய் ஓவர்! பக்கத்து மருந்துக் கடையில் மிச்சம் ஐம்பதையும் வாங்கிக்கொண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் பத்து ரூபாய் காசுக்கு வந்தது செல்லாமை நோய் இல்லை, வெறும் வதந்திக் காய்ச்சல். 2022-ல் தர்மபுரி மாவட்ட வாலிபர் ஒருவர் இந்தக் காய்ச்சலைக் கண்டு வெறுத்துப் போய், ஆறு லட்ச ரூபாய்க்குப் பத்து ரூபாய்க் காசாகவே சேர்த்து சேலத்தில் கார் வாங்கினார்.

ஆனால் அதைப் பார்த்து நீங்களும் ஷோரூமுக்கு மூட்டையோடு கிளம்பாதீர்கள். சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் ஆயிரம் ரூபாய் வரைக்கும்தான் கட்டாயமாக வாங்க வேண்டியவை. ஐம்பது பைசாவாக இருந்தால் பத்து ரூபாய் வரை. அதற்கு மேல் வாங்குவது கடைக்காரரின் பெருந்தன்மை.

பர்மா பஜார் பிளாட்பாரத்தில் பழைய நாணயம் விற்பவர் ஒருவர், ஓட்டைக் காலணாவும் ஆறுமூலை இருபது பைசாவுமாகக் கடை விரித்திருந்தார். அக்காவின் காசில் வைஷ்ணோதேவி படம் போட்ட ஐந்து ரூபாய் ஒன்று இருந்தது. "இது லட்ச ரூபாய் போகும்னு பையன் வாட்ஸ்அப்ல காட்டினானே?" என்று கேட்டாள். கடைக்காரர் சிரித்தார். "லட்சம் தர்றேன்னு சொல்றவன் மொதல்ல ஜிஎஸ்டிக்கு, ரிஜிஸ்ட்ரேஷனுக்குன்னு ஐயாயிரம் கேப்பான்மா. குடுத்தீங்க, அவ்ளோதான்." பிளாட்பார ஞானம் என்று அலட்சியப்படுத்த வேண்டாம். பழைய நோட்டு, நாணயம் வாங்குவதாக ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிக் கமிஷனும் வரியும் கேட்டு ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்திருக்கிறது. லட்ச ரூபாய் மறுபடி ஐந்து ரூபாயாகிப் பைக்குள் போனது.

கவுன்ட்டருக்கு முன்னால்

பன்னிரண்டு மணிக்கு அக்காவின் கணக்கு இருக்கும் வங்கிக் கிளை. (பெயர் வேண்டாம், அவர்களும் நல்லவர்கள்தான்.) பையைக் கண்டதும் கேஷியர், "சில்லறை வாங்கறதில்லை ஸார்" என்றார், ரெக்கார்டு போட்ட மாதிரி.

சண்டை போடவில்லை. மெதுவாகச் சொன்னேன். "ஸார், எல்லாக் கிளையிலும் நாணயம் வாங்கணும்னு ரிசர்வ் வங்கி உத்தரவு இருக்கு. டெபாசிட்டுக்கு உச்சவரம்பும் இல்லை. நூறு நூறா பாலிதீன் கவர்ல போட்டா வசதின்னு அதிலேயே சொல்லியிருக்காங்க. அப்படியே போட்டுக்கொண்டு வந்திருக்கோம்."

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "அது எனக்கும் தெரியும் ஸார். போன வாரம் ஒருத்தர் எல்லாத்தையும் கலந்து அரிசி மூட்டை மாதிரி கொட்டிட்டுப் போனார். பிரிச்சு எண்ணி முடிக்கிறப்போ சாயங்காலம். வாங்கற காசை எங்ககிட்டேருந்து எடுத்துட்டுப் போகவும் ஆள் வரதில்லை. ஸ்ட்ராங் ரூம்ல எனக்கு நிக்க இடமில்லை."

அதுவும் நியாயம்தானே? பதினாலு பாக்கெட்டையும் வரிசையாக அடுக்கி வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒட்டுச்சீட்டு. 'ரூ. 2, 2011 வரிசை, 100 எண்ணம்' என்று. மனுஷர் முகத்தில் ஒரு மலர்ச்சி! ஒரு பாக்கெட்டைப் பிரித்து எண்ணினார். சரியாக இருந்தது. மற்றதை அதே வரிசைப் பாக்கெட்டோடு எடை ஒப்பிட்டுப் பார்த்தார். இருபது நிமிஷம். 3,900 ரூபாய் காசாக, 960 ரூபாய் நோட்டாக, கடைசியாக அந்தப் பதினாலு ஐம்பது பைசா.

"இதைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு!" என்று ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார் கேஷியர். ஐம்பது பைசா இன்னும் செல்லும், தெரியுமல்லவா? புழக்கத்திலிருந்து ஓடிப்போனதே தவிர, இறக்கவில்லை.

பாஸ்புக்கில் 4,867 விழுந்தது. பைசா குறையவில்லை.

நீங்களும் உண்டியலை உடைக்கும் உத்தேசத்தில் இருந்தால், அக்காவின் நாலு சூத்திரங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: வீட்டிலேயே வகை பிரித்து, வரிசை பிரித்து, நூறு நூறாகக் கட்டுங்கள். எண்ணுகிற வேலைக்குத்தான் கமிஷன். அதை நீங்களே செய்துவிட்டால் கமிஷன் உங்களுக்கே மிச்சம்.

இரண்டு: மாதத்தின் முதல் வாரம், திங்கட்கிழமை, லஞ்ச் நேரம் மூன்றிலும் வங்கிக்குப் போகாதீர்கள். கேஷியரும் மனுஷர்.

மூன்று: மாதத்தில் இத்தனை தடவைக்கு மேல் பணம் கட்டினால் கட்டணம் என்று சில கணக்குகளில் விதி உண்டு. கேட்டுக்கொண்டு கட்டுங்கள். கமிஷன்காரனிடம் தப்பி இங்கே மாட்டக் கூடாது. வாங்கவே மறுத்தால் மேனேஜர், அப்புறம் எழுத்தில் புகார். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்.

நான்கு: ரொம்ப சேர விடாதீர்கள். ஐந்நூறு ரூபாய் சில்லறைக்கு ஆட்டோக்காரரே போதும். ஐயாயிரம் ஆனால் அரை நாள் லீவு போட வேண்டும்.

அந்த அரை நாள் என் கணக்கில் செலவு. ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பதில் புதன்கிழமையே பையனின் ஃபீஸ் கட்டியாயிற்று. மீதி 367 ரூபாய் பாஸ்புக்கில் இருக்கிறது. தூக்குவாளி மறுபடி சாம்பாருக்குப் போய்விட்டது.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டு, "தோள்ல சுமந்தியே தம்பி, உனக்குக் கூலி" என்று கையில் எதையோ அழுத்தினாள். டின்னின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த மூன்று இருபத்தைந்து பைசா. 2011 ஜூன் 30-லிருந்து செல்லாக்காசு!

கமிஷன் பிடிக்காமல் முழுசாகக் கொடுத்தாள். அதைச் சொல்ல வேண்டும்.